ஆங்கில வினாத்தாள் அமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் அமைப்பவர்களுக்கும்,

கேட்டலுக்கும் பேசுதலுக்கும் இந்த ஆண்டும் மதிப்பெண் கிடையாது, எழுத்துத் தேர்வு மட்டும் போதும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். ஆள் இல்லை, நேரம் இல்லை, எல்லோரையும் ஒரே அளவுகோலில் மதிப்பிட முடியாது என்று மூன்று காரணம் காட்டியிருக்கிறீர்கள். அதே அறிவிப்பின் அடுத்த பத்தியில் இரண்டு அறிவுரைகள்: மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்கும் ஆர்வம் குறைந்துவருவதால் ஆசிரியர்கள் ஊக்கமூட்ட வேண்டும், ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். நீங்கள் இரண்டாம் பத்தியில் வருத்தப்படும் நோய்க்கு முதல் பத்தியில்தான் வித்து இருக்கிறது. அதைச் சொல்லவே இந்த மடல்.

ஆங்கிலம் படிக்க வருபவரிடம் முதல் நாள் 'எதற்காக' என்று கேட்டால், பதில் பெரும்பாலும் 'பேச' என்றுதான் தொடங்கும். நேர்காணலில் பேச, வாடிக்கையாளரிடம் பேச, வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளிடம் பேச. துணைவரிகள் இல்லாமல் படம் பார்க்க வேண்டும் என்பார்கள் சிலர். விளையாட்டு வர்ணனை புரிய வேண்டும் என்பார்கள் சிலர். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

மொழி கற்பதற்கான உந்துதலைப் பற்றி 1972இல் உளவியலாளர்கள் ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் எழுதியபோது அதை இரண்டாகப் பிரித்தார்கள்: அந்த மொழி பேசும் மக்களோடு ஒட்டி உறவாடும் விருப்பம் ஒன்று, வேலை, படிப்பு போன்ற பயனுக்காகக் கற்பது மற்றொன்று. 2005இல் ஸோல்டான் டோர்னியேய் இதை வேறு விதமாகப் பார்த்தார். கற்பவரின் மனத்தில் நாளைய தன்னைப் பற்றிய ஒரு படம் இருக்கிறது, அந்த மொழியைத் தடையில்லாமல் பேசும் ஒரு 'நான்'. இன்றைய தனக்கும் அந்தப் படத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கத்தான் ஒருவர் உழைக்கிறார். ஆனால் அந்தப் படம் எட்டக்கூடியது என்ற நம்பிக்கை வேண்டும். நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அவ்வப்போது ஏதாவது ஓர் அடையாளமும் கிடைக்க வேண்டும். தேர்வு என்று ஒன்று இருப்பதே அந்த அடையாளத்தைக் கொடுக்கத்தான்.

உங்கள் வினாத்தாள் என்ன அடையாளம் கொடுக்கிறது? நூற்றுக்கு எண்பத்தைந்து வாங்கியவருக்குத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் யாராவது பேசினால் கை நடுங்குகிறது. தன் மதிப்பெண் பொய் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். இணைய விளையாட்டில் முகம் தெரியாதவர்களோடு ஆங்கிலத்தில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம் செய்யக்கூடிய இன்னொருவர் முப்பத்தைந்து வாங்கி, தனக்கு ஆங்கிலம் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். இரண்டு பேரையும் நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். முதலாமவர் நம்பிக்கையைத் தொலைக்கிறார், இரண்டாமவர் ஆசையைத் தொலைக்கிறார். இவர்களைப் பற்றித்தான் 'ஆர்வமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கும் ஒன்று இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தன் அதிகாரிகள் தமிழை வேலைக்குப் போதுமான அளவு கற்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறது. அவர்கள் வளர்ந்தவர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாகச் சிறிய வகுப்புகளில் படிப்பவர்கள். ஸ்பானிய மொழிக்கு இதைவிட மிகக் குறைந்த நேரமே ஒதுக்குகிறார்கள், ஏனென்றால் அது ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீடு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள தூரம் அங்கிருந்து இங்கு வந்தாலும் இங்கிருந்து அங்கு போனாலும் நீண்டதுதான். இதை ஒப்புக்கொள்ளாமல் தீட்டப்படும் எந்தப் பாடத்திட்டமும் மாணவரைத்தான் மந்தம் என்று சொல்லும்.

நம் பக்கம் பாருங்கள். வாரத்துக்கு 5 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், ஆண்டுக்கு 35 வாரம் என்று வைத்தால் 116 மணி நேரம் சொச்சம் வருகிறது. வகுப்பில் 40 பேர், பாதி நேரம் ஆசிரியர் பேசுகிறார் என்றால், மீதி 20 நிமிடத்தைப் பங்கு போட்டால் தலைக்கு 30 வினாடி. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் ஒருவர் வாய் திறக்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அதையும் வருகைப் பதிவும் வீட்டுப்பாடமும் தின்றுவிடும். ஒவ்வொரு வகுப்பிலும் 10 நிமிடம் மட்டும் இருவர் இருவராக உட்கார்ந்து பேசவிட்டால் இது பத்து மடங்காகிறது. ஒரு காசு செலவில்லாத மாற்றம். ஆனாலும் பெரும்பாலான வகுப்புகளில் இது நடப்பதில்லை. மதிப்பெண் இல்லாத வேலைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் ஆசிரியரை, பாடப்பகுதி முடிந்துவிட்டதா என்று கேட்டு நிறுத்திவிடுவார்கள்.

விடைத்தாளில் அதிகம் சிவப்பு வாங்கும் பிழைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறந்தகால வினையின் ஈற்றில் வரும் 'ஈ, டி' என்ற இரண்டு எழுத்தை விட்டுவிடுவது. நீங்கள் இதை இலக்கணப் பிழை என்று வகைப்படுத்தி, அடுத்த பாடநூலில் காலங்கள் பற்றிய பயிற்சியை இரண்டு பக்கம் கூட்டுகிறீர்கள். விதி தெரியாமல் யாரும் விடுவதில்லை. நடுநிசியில் எழுப்பிக் கேட்டாலும் விதியை ஒப்பிப்பார்கள். அவர்களுக்கு அந்த ஒலி காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

ஏன் விழவில்லை என்பதைத் தமிழ் இலக்கணமே சொல்கிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. க், ச், த், ப் நான்கும் தம் முன் தாமே மயங்கும், வேறு மெய் அவற்றை அடுத்து வராது. பக்கம் உண்டு, கப்பல் உண்டு. க்ட், ப்ட் கிடையாது. நடந்தான் என்பதற்கான 'வாக்ட்', நிறுத்தினான் என்பதற்கான 'ஸ்டாப்ட்' ஆகியவற்றில் இரண்டு தடையும் ஒன்றாக வருகின்றன. வல்லினத்தை ஒட்டி வேறொரு வல்லினம், அதுவும் சொல்லின் ஈற்றில். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சேர்க்கையைக் கேட்டிராத காது அதைக் கழித்துவிட்டு 'வாக்' என்று பதிந்துகொள்கிறது. நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்து 'வாக்டு' என்கிறது. எழுத்தை மட்டும் பார்த்துப் படித்தவர் 'வாக்கெட்' என்கிறார். காதில் பதியாததைக் கை எழுதாது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமை எழுவாய்க்குப் பின் வினையில் சேரும் 'எஸ்' விடுபடுவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து இலக்கணப் பயிற்சியல்ல, கேட்கும் பயிற்சி. அந்த ஒட்டு மூன்று விதமாக ஒலிக்கும். வினையின் கடைசி ஒலி தொண்டையை அதிரச்செய்யாவிட்டால் ஒட்டும் அதிராத ஒலி. அதிரச்செய்தால் ஒட்டும் அதிரும். வினையே ட-ஒலியில் முடிந்தால் மட்டும் 'இட்' என்று தனி அசையாகும். தொண்டையில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். பலகையில் மூன்று பத்தி போட்டு, 15 வினைகளைச் சொல்லி எந்தப் பத்தி என்று கேட்கலாம். நாளுக்கு ஆறு நிமிடம், பத்து நாள். அதன் பிறகு அதே வினையை உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் வைத்துக் கேட்கவிட வேண்டும். 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்' பின்னால் வந்தால் 'வாக்-டின்' என்று அந்த டகரம் அடுத்த உயிரின் மேல் ஏறிக்கொள்கிறது. மெய்யின் மேல் உயிர் ஏறுவது தமிழ்க் காதுக்குப் பழகிய புணர்ச்சி, ஆகவே உடனே பிடிபடும். ட-ஒலியில் தொடங்கும் சொல்லைப் பின்னால் வைத்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினால் வீண். ஆங்கிலமே தாய்மொழியானவர்கள்கூட அங்கே இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிடுவார்கள், கேட்க ஒன்றும் இருக்காது.

ஓர் எழுத்துப் பிழைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. கேட்டலை அளக்காத தேர்வு இதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

பகர ஒலியும் இப்படித்தான். தமிழில் சொல்லின் முதலில் வந்தால் ஒரு விதம், மெல்லினத்தை அடுத்து வந்தால் இன்னொரு விதம் என்று இடம்தான் ஒலியை முடிவு செய்கிறது, எழுத்து ஒன்றே. ஆங்கிலத்தில் குண்டூசிக்கும் (pin) குப்பைத்தொட்டிக்கும் (bin) உள்ள வேறுபாடே அந்த முதல் ஒலிதான். உதட்டுக்கு முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். குண்டூசிக்குக் காகிதம் ஆட வேண்டும், தொட்டிக்கு ஆடக்கூடாது. சொல்லின் ஈற்றில் இந்த வேறுபாட்டைக் காட்டுவது பெரும்பாலும் முந்தைய உயிரின் நீளம். தொப்பியைக் குறிக்கும் சொல்லில் (cap) உயிர் குறுகும், வாடகை வண்டியைக் குறிக்கும் சொல்லில் (cab) நீளும். குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்பதில் தமிழ் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் ஏற்கெனவே உள்ள திறமை இது. எந்தப் பாடநூலும் இதைப் பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தச் சொல்லும் உங்கள் அறிவுரை எங்களுக்குப் புரியாமல் போவது இந்த இடத்தில்தான். பெயர்ச்சொல்லுக்கு முன் 'எ' (a) வருமா 'த' (the) வருமா என்பது தமிழருக்கு ஆங்கிலத்தில் மிகக் கடினமான இடங்களில் ஒன்று. ஆங்கிலத்திலேயே விளக்கினால், தெரிந்த பொருள், தெரியாத பொருள் என்று அரைமணி நேரம் சுற்றும். தமிழில் இரண்டு வாக்கியம் போதும். 'புத்தகம் வாங்கினேன்.' 'புத்தகத்தை வாங்கினேன்.' இரண்டாவதைக் கேட்டதும், எந்தப் புத்தகம் என்று எதிரில் இருப்பவருக்கு முன்பே தெரியும் என்பது எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் விளங்கும். முதலாவது 'எ', இரண்டாவது 'த'. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும் இடத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும், உயர்திணைக்குப் பொருந்தாது. முழு விடை அல்ல. ஆனால் முதல் கதவு திறந்துவிடும். அறையில், சுவரில், வாசலில் என்று தமிழ் ஒரே 'இல்'லை வைக்கும் இடத்தில் ஆங்கிலம் 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாகப் பிரிப்பதையும் இப்படி ஒப்பிட்டுக் காட்டினால் கொள்கலம், பரப்பு, புள்ளி என்று மனத்தில் நின்றுவிடும். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது காலத்தை ஒரு படி பின்தள்ள மறப்பதும் கவனக்குறைவல்ல. தமிழில் 'என்று' போட்டால் பேசியவரின் சொல் அப்படியே நிற்கும், பின்தள்ளும் வழக்கமே இல்லை.

வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்பதில் எங்களுக்கும் மாறுபாடு இல்லை. நாங்கள் கேட்பது அளவோடு தமிழை வைத்துக்கொள்ளும் உரிமை. ஒரு விளையாட்டின் விதியைத் தமிழில் இருபது வினாடியில் சொல்லிவிட்டு, மிச்ச எட்டு நிமிடமும் ஆங்கிலத்தில் ஆடவிடுவது லாபம். விதியையே ஆங்கிலத்தில் ஆறு நிமிடம் விளக்கி, பாதிப் பேருக்குப் புரியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் குசுகுசுவென்று கேட்கவைப்பது நட்டம்.

வாய் திறக்கத் தடை விதித்தால் பயம்தான் வளரும். மொழி வகுப்புக்கே உரிய பதற்றம் ஒன்று உண்டு என்பதை 1986இல் எலைன் ஹார்விட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலாகவே செய்து வைத்தார்கள். கணக்கு வகுப்பில் தவறான விடை சொன்னால் விடைதான் தவறு. மொழி வகுப்பில் தவறாகப் பேசினால் ஆளே சின்னவராகத் தெரிகிறார். இதில் எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன என்று மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளில் கண்டார். தாய்மொழியில் யோசித்து, மாற்றி, வாயில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவருக்கு ஒரு வினாடி எப்படிப் போதும்? ஐந்து வரை மனத்துக்குள் எண்ணிவிட்டுத்தான் அடுத்தவரைக் கேட்பது என்று எங்களில் பலர் இப்போது வைத்திருக்கிறோம். முதல் வாரம் அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும். கட்டுரையில் எல்லாப் பிழையையும் சிவப்பில் சுற்றுவதையும் விட வேண்டும். இந்த வாரம் இறந்தகாலம் மட்டும், அடுத்த வாரம் முன்னிடைச்சொல் மட்டும் என்று சொல்லிவிட்டுத் திருத்தினால் தாள் திரும்பி வரும்போது படிக்கிறார்கள். முழுக்கச் சிவந்த தாளை யாரும் படிப்பதில்லை, மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. வில்லியம் கேக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தது 1476இல். அச்சு எழுத்தை உறைய வைத்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் இடம் மாறிக்கொண்டிருந்தன. எழுதுவதும் சொல்வதும் பிரிந்தது அப்படித்தான். இந்த ஒரு விளக்கத்தைச் சொன்னாலே, 'எனக்கு மூளை இல்லை' என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து உட்காருகிறது. பாடநூலில் அரைப் பக்கம் போதும்.

படித்தறிதல் பகுதிக்கு வருகிறோம். ஒரு பத்தியை யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வளத்தை ஆராய்ந்தவர்கள் வந்தடைந்த அளவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். 95 சதவீதம் என்றால் இருபதுக்கு ஒன்று; இரண்டு வரிக்கு ஒருமுறை தடுக்கும், ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம். உங்கள் பாடநூலின் உரைநடைப் பாடங்களில் ஒரு பக்கத்தை எடுத்து, அந்த வகுப்பு மாணவர் பத்துப் பேரிடம் தெரியாத சொல்லுக்கு அடிக்கோடிடச் சொல்லிப் பாருங்கள். நாங்கள் செய்த இடங்களில் எட்டுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று என்று வருகிறது. அந்த அடர்த்தியில் வாசிப்பு நடக்காது. உரைநூல் வாங்குவதும் விடையை மனப்பாடம் செய்வதும்தான் நடக்கும். மனப்பாடம் செய்கிறார்கள் என்று குறைசொல்கிறோம், அவர்களுக்கு வேறு என்ன வழி விட்டுவைத்திருக்கிறோம்?

மிகுதியாகப் புழங்கும் 2,000 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்த குழுக்கள், சாதாரண எழுத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அடைத்துக்கொள்கின்றன. மைக்கேல் வெஸ்ட் 1953இலேயே அந்த அளவில் ஒரு பட்டியல் வெளியிட்டார். அந்த 2,000ஐ உறுதியாக்காமல் அரிய சொற்களுக்கு எதிர்ச்சொல் கேட்பது அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுவது. 1980களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வார்விக் எல்லியும் ஃபிரான்சிஸ் மங்குபாயும் ஒரு சோதனை செய்தார்கள். வகுப்புக்கு 250 எளிய படக்கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவிட்டார்கள். வழக்கமான பாடம் படித்த வகுப்புகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் அவர்களின் வாசிப்பு முன்னேறியது. யாரும் அவர்களுக்கு ஊக்க உரை ஆற்றவில்லை. புத்தகம் புரிந்தது, அடுத்ததை எடுத்தார்கள்.

இனி உங்கள் மூன்று காரணங்கள்.

நேரம். 40 பேர் கொண்ட வகுப்பில் இருவர் இருவராகப் பேசவைத்தால் 20 இணைகள். இணைக்கு 5 நிமிடப் பேச்சு, 2 நிமிடம் மதிப்பெண் போட. மொத்தம் 140 நிமிடம், நான்கு பாடவேளைக்குள் அடங்கிவிடும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு குழுவை மூவராக்கி இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுக்கலாம். கேட்டல் தேர்வுக்கு மொத்தமே 20 நிமிடம். ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை நீளும் மூன்று ஒலிப்பதிவுகள், நிமிடத்துக்கு 120 சொல் வேகம், ஒவ்வொன்றும் இரண்டு முறை, கேட்கும் முன் கேள்வியைப் படிக்க அரை நிமிடம். விடை ஒரு குறியோ ஒரு சொல்லோதான் இருக்க வேண்டும். எழுத்துப்பிழைக்கு இங்கே மதிப்பெண் குறைக்கக்கூடாது. குறைத்தால் அது மறுபடியும் எழுத்துத் தேர்வாகிவிடும். தொடக்கநிலை மாணவருக்குக் கேள்வியைத் தமிழிலேயே அச்சிடலாம்.

ஆள். பேச்சுத் தேர்வுக்கு ஓர் அறைக்கு இருவர் வேண்டும்: ஒருவர் பேச்சை நடத்த, ஒருவர் மதிப்பிட. இருவர் இல்லாத இடத்தில் ஒருவர் நடத்தி, கைபேசியில் பதிவு செய்து, பிறகு கேட்டு மதிப்பிடலாம்.

நடுநிலை. இதுதான் உண்மையான சிக்கல், ஆனால் தீர்வு உள்ள சிக்கல். நான்கு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண்: சொன்னது கேட்பவருக்குப் புரிந்ததா, கொடுத்த வேலையைப் பேசி முடித்தாரா, சொல்லும் இலக்கணமும் எப்படி, மற்றவர் சொன்னதைக் கேட்டு அதற்கேற்பப் பேசினாரா. தேர்வுக்கு முன் எல்லா மதிப்பீட்டாளரும் ஒரே ஆறு பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். ஒரு கூறில் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு வந்தால் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பதிவில் ஒன்றை வேறொருவர் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். கட்டுரை திருத்துவதில் இவ்வளவு கட்டுப்பாடு இன்று கிடையாது. அதை நடுநிலையானது என்று நம்புகிறீர்கள்.

தவறு எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 'உன்னைப் பற்றிச் சொல்' என்று தொடங்கினால் ஒரே தன்னறிமுகத்தை நாற்பது பேரும் ஒப்பிப்பார்கள். அதற்குப் பதில், சிறு சிறு வேறுபாடுள்ள இரண்டு படங்களை இருவருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் படத்தை மற்றவருக்குக் காட்டாமல் பேசியே ஆறு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை மனப்பாடம் செய்ய முடியாது. பத்துச் செட் படங்கள் வைத்துக்கொண்டால் வெளியே வந்தவர் உள்ளே போகிறவருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் கவலையில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கவே அவர்கள் பேசிப் பழகியாக வேண்டும். மிகவும் பேசுபவரையும் வாயே திறக்காதவரையும் ஓர் இணையாகப் போடக்கூடாது. கேட்டல் தேர்வைப் பெரிய மண்டபத்தில் வைக்கக்கூடாது, எதிரொலியில் கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. சிறிய அறை, அறைக்கு ஓர் ஒலிபெருக்கி, முந்தைய நாளே ஒருவர் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். மின்தடைக்கு மின்கலத்தில் ஓடும் மாற்றுக் கருவி ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒலிப்பதிவுக்குப் பதில் ஆசிரியரே வாசித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஏற்காதீர்கள், தன் மாணவருக்கு விடை வரும் இடத்தில் குரலை அழுத்தாத ஆசிரியர் அரிது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புபவர்கள் எழுதும் டோஃபெல் ஆங்கிலத் தேர்வை நடத்துபவர்கள் 2005இல் இணையவழித் தேர்வுக்கு மாறியபோது தனி இலக்கணப் பகுதியை எடுத்துவிட்டுப் பேசுதலைக் கட்டாயமாக்கினார்கள். அதன் பிறகு அதற்குத் தயாராகிறவர்கள் பேசிப் பழகத் தொடங்கினார்கள். தேர்வு எந்தப் பக்கம் திரும்புகிறதோ வகுப்பும் அந்தப் பக்கம் திரும்பும். அந்தத் திருப்பும் பிடி உங்கள் கையில் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை.

ஆகவே கேட்கிறோம்.

நூற்றில் 20 மதிப்பெண்ணைக் கேட்டலுக்கும் 20 மதிப்பெண்ணைப் பேசுதலுக்கும் ஒதுக்குங்கள். முதல் ஆண்டு ஒரே ஒரு வகுப்பில், இறுதிக் கணக்கில் சேராத முன்னோட்டமாக நடத்துங்கள். இரண்டாம் ஆண்டு கணக்கில் சேருங்கள். அதற்கு முன் மதிப்பீட்டாளர்களுக்கு உண்மையான மாணவர் பதிவுகளை வைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். சொற்பொழிவுப் பயிற்சி வேண்டாம்.

வாக்கிய மாற்றக் கேள்விகளை மொத்தம் 5 மதிப்பெண்ணுக்குள் அடக்குங்கள். இலக்கணத்தைத் தொடர்ச்சியான ஒரு பத்திக்குள் வைத்துக் கேளுங்கள். தனித்தனி வாக்கியங்களாகக் கேட்காதீர்கள்.

பாடநூலில் சேரும் ஒவ்வோர் உரைநடைப் பகுதியையும், அச்சுக்குப் போகும் முன் அந்த வகுப்பு மாணவர் பத்துப் பேரிடமாவது அடிக்கோடு சோதனை செய்யுங்கள். நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் தெரியாதவை இருந்தால் எளிதாக்குங்கள், முடியாவிட்டால் நீக்குங்கள். எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போகும் படிநிலை வாசிப்பு நூல்கள் வகுப்புக்கு 200 கொடுங்கள். வாரத்தில் மூன்று நாள் பதினைந்து நிமிடம் படிக்க நேரம் ஒதுக்குங்கள். தயவுசெய்து அதிலிருந்து கேள்வி கேட்காதீர்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்ற அறிவுரையைத் திரும்பப் பெறுங்கள். தமிழ் மாணவருக்கான ஆங்கிலப் பாடநூலின் ஆசிரியர் குறிப்பில், இரு மொழியின் ஒலியும் அமைப்பும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன என்பதை இயல்வாரியாக எழுதிச் சேருங்கள். எழுதித்தர நாங்கள் தயார், ஊதியம் வேண்டாம்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்பதை அடுத்த தேர்வு அட்டவணை வெளியாகும் முன் எழுத்தில் தெரிவியுங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
தமிழ் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள்